அடைத்த கதவும் அடுத்த வீடும்



கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்குக்கு ஒரு குடும்பம் எவ்வாறு தன்னை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற பொருளைப் பற்றிப் பேசும்படி இந்தப் படிப்பகத்தார் என்னைப் பணித்தபோது, மளிகைச் சாமான்களின் ஜாபிதா ஒன்றைப் படித்துவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அந்த ஜாபிதாவுக்கு முன்னால் ஒரு தம்பதியின் முகம் வந்து நின்றது. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா நோயைத் தடுக்க அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்குத் தேசம் முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமையன்று, மக்கள் ஊரடங்கு என்று ஒரு பகல் முழுவதும் வீட்டுக்குள் இருந்து, மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று கை தட்டியவர்கள்தாம் நாம். ஆயினும் ஒரு பகல் வேறு, 21 நாள் வேறு. அறிவிப்பைக் கேட்ட மாத்திரத்தில் என் துணைவியார் சமையலறைக்குள் சென்று, அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் பல லட்சம் வீடுகளில் ஏதோ ஒரு கை ஏதோ ஒரு பாத்திரத்துக்குள் இப்படித்தான் ஆழம் பார்த்திருக்கும்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர், அன்றிரவு ஒன்பது மணி சுமாருக்குத் தம் மனைவியுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். காலையில் வாங்கிச் சென்ற துணியை மறுநாள் தருவதாகச் சொல்லியிருந்தவர், நாளைக்கு வண்டி போட முடியுமோ முடியாதோ என்று, பெட்டியில் கனிந்திருந்த கரி அணைவதற்குள் எல்லார் வீட்டுத் துணியையும் தேய்த்து முடித்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்துக்கொண்டிருந்தார். துணியில் சூடு இன்னும் இருந்தது. அந்த அம்மாள் என் துணைவியாரிடம், “இருபத்தோரு நாளுன்னு டிவியில சொல்றாங்களே, நெசந்தானாம்மா?” என்று கேட்டார். என்ன வாங்கி வைப்பது என்று அவர் கேட்கவில்லை. வாங்கி வைப்பதற்கு அவரிடம் இருந்தது அன்று தேய்த்த துணியின் கூலி ஒன்றுதான்.

அன்றாடங்காய்ச்சி என்று நம் மொழியில் ஒரு சொல் உண்டு. அன்றைய உழைப்பால் அன்றைய உலையைக் காய்ச்சுகிறவர் என்பது அதன் தாத்பரியம். ரேஷன் அரிசி வீட்டில் இருந்தாலும், பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஒரு சிறு பொட்டலம் மிளகாய்த்தூள், ஒரு கைப்பிடி பருப்பு என்று, பொழுது சாய்ந்தபின் கடைக்குப் போய் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்கும் குடும்பத்தை நோக்கி, நீ ஏன் ஒரு மாதத்துச் சாமான் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறொன்றும் இல்லை. ஒரே அறிவிப்பு, ஒரே நாழிகையில், ஒரே தெருவின் இரண்டு வீடுகளுக்குள் வந்தது. ஒரு வீட்டுக்கு அது அசௌகரியமாகவும், மற்றொரு வீட்டுக்கு அது ஜீவனப் பிரச்சினையாகவும் ஆயிற்று. ஆகவே, இல்லத்தின் ஆயத்தம் என்று நான் இன்று பேசுவதெல்லாம் ஒரு வீட்டு அலமாரியோடு முடிகிற விஷயமல்ல, அடுத்த வீட்டு அலமாரியையும் சேர்த்து எண்ணுகிற விஷயம் என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

சேமித்து வைத்து உண்ணும் வித்தை நமக்குப் புதிதன்று. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்தால் வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, உப்பிட்டுப் பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த பங்குனி வரை வரும். சித்திரை வெயிலுக்கென்றே வடகமும் அப்பளமும், மோர்மிளகாயும், சுண்டைக்காய் மணத்தக்காளி வற்றலும் காத்திருக்கும். தஞ்சைத் தரணியில் பத்தாயத்திலும், மற்றைச் சீமைகளில் குதிரிலும் நெல் இருக்கும். மழை ஒரு வாரம் விடாமல் பெய்தாலும், வீட்டில் அம்மை வார்த்து வாசலில் வேப்பிலை செருகி வெளியார் உள்ளே வராமல் இருந்தாலும், அடுப்பு எரிவதற்குத் தடை இராது. இந்தப் பழமையை நான் மிகையாகப் புகழ மாட்டேன். பத்தாயம் இருந்தது நிலம் இருந்த வீட்டில், அந்த நெல்லை அறுத்துக் கொடுத்தவரின் குடிசையில் கூலி நெல் அளந்த மரக்கால் அளவுக்குத்தான் தானியம் இருந்தது. ஆயினும், பண்டம் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் பிறர்க்கு இடையூறின்றி வாங்கி, அது அரிதாகும் காலத்துக்கென்று வைத்துக்கொள்ளும் விவேகம் அதில் இருந்தது. நகரத்து அடுக்ககங்களில் குடிபுகுந்து, கைபேசியில் விரல் வைத்தால் வாசலுக்குச் சாமான் வந்துவிடும் என்ற நிச்சயத்தில் வாழப் பழகிய நாம் அந்த விவேகத்தைத் தொலைத்துவிட்டோம். தொலைத்த விவேகத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தது பீதி.

பீதியை நான் நேரில் கண்டது 2020 ஏப்ரல் 25-ஆம் தேதி, சனிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26-ஆம் தேதி முதல் நான்கு நாளும், சேலத்திலும் திருப்பூரிலும் மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று வெள்ளிக்கிழமையன்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் பாலும் மாத்திரையும் வாங்குவதற்காகப் பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். ஒரு மாதமாக ஆறடி இடைவெளி விட்டு வட்டத்துக்குள் நின்ற அதே ஜனங்கள், அன்று ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் இரண்டு கைகளிலும் தக்காளிப் பைகளைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தார்; பத்துக் கிலோவுக்குக் குறையாது. நான்கு நாளில் பத்துக் கிலோ தக்காளியை ஒரு குடும்பம் தின்ன முடியாது. சித்திரை வெயிலில் அது நான்கு நாள் தாங்கவும் தாங்காது. அவர் தீயவர் அல்லர். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பெண்மணிக்குத் தம் குடையைக் கொடுத்து வெயிலுக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். பயம் வந்தால் நல்லவர் கையும் அளவு மறந்துபோகிறது. கடையில் தக்காளி தீர்ந்துவிட்டது என்ற குரல் வந்தபோது, குடையைப் பிடித்திருந்த பெண்மணி வெறும் பையுடன் திரும்பினார்.

அந்த வாரத்துக்குப் பின் கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பெருகியதும், மே 5-ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டதும், காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியதும், சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் சென்றதும் நீங்கள் அறிந்தவை. அந்த ஒருநாள் கூட்டமே காரணம் என்று கூற நான் துணியமாட்டேன். லாரிகள் வந்து குவியும் நெருக்கமான சந்தையில், மூட்டை தூக்குகிறவர்கள் ஒரே இடத்தில் உண்டு உறங்கும் நிலையில், நோய்க்கு வழி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. ஆனால் ஊரடங்கு என்பதன் பிரயோஜனமே ஒருவர் மூச்சு இன்னொருவரை எட்டாமல் இருப்பதுதான். இருமலும் காய்ச்சலும் வருவதற்கு முன்பே ஒருவரிடமிருந்து பிறருக்குப் பரவக்கூடிய நோய் இது. கதவை அடைத்தால் நோய் செத்துவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. பரவும் வேகம் தணிந்தால், எல்லாரும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்காமல், கட்டிலும் பிராணவாயுவும் தயாராவதற்கு அவகாசம் கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள். அந்த அவகாசத்தை வாங்குவதற்காக அடைக்கும் கதவை, அடைப்பதற்கு முந்தைய நாள் கூட்டத்தினாலேயே நாம் பாழாக்கினால், அன்றாடங்காய்ச்சி இழந்த கூலிக்கு என்ன பொருள் இருக்கிறது?

இதில் ஜனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. நான்கு மணி நேர அவகாசத்தில் ஒரு தேசம் ஆயத்தமாக முடியாது. 2021 மே மாதத்தில் இரண்டாவது அலை சென்னையைச் சூறையாடியபோது, 10-ஆம் தேதி தொடங்கும் ஊரடங்கை இரண்டு நாள் முன்னதாக அறிவித்துக் கடைகளைத் திறந்திருக்க அனுமதித்தார்கள். 24-ஆம் தேதி முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோதும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைகளைத் திறந்துவைத்தார்கள். அப்போதும் கூட்டம் இருந்தது. அவகாசம் மட்டும் பீதிக்கு மருந்தாகாது என்பதை அப்போது கண்டேன். எங்கள் தெருவில் பீதி தணிந்தது எப்போது என்றால், ஊரடங்கு தொடங்கிய பின், தோட்டக்கலைத் துறையாரும் மாநகராட்சியும் ஏற்பாடு செய்த காய்கறி வண்டி காலையில் தெருவுக்குள்ளேயே வந்து நின்று, மறுநாளும் வந்து நின்றபோதுதான். மூன்றாவது நாள் வண்டிக்காரரிடம் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டவர்களைத்தான் பார்த்தேன். ஐந்து கிலோ கேட்டவர் ஒருவரும் இல்லை. நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்று இருந்தால் மனிதர் இன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறார்.

நம்பிக்கை என்ற இந்தச் சொல்லில் சிறிது நேரம் நிற்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். 2020-இல் ஊரடங்குக்குப் பயன்பட்ட சட்டங்களில் ஒன்று 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோயை அடக்குவதற்காக ஆங்கில ஆட்சியாளர்கள் இயற்றியது அது. புனேயில் அந்த நோய்த் தடுப்பை நடத்திய ராண்ட் என்னும் அதிகாரியின் கீழ், சோல்ஜர்கள் வீடு வீடாக நுழைந்து, சமையலறையிலும் பூஜை அறையிலும் காலடி வைத்துச் சோதனை போட்டார்கள்; நோயாளி என்று சந்தேகித்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. நோயைத் தடுக்க வந்தவன் கையே நோயைவிட அச்சம் தருவதாக இருந்தால், ஜனங்கள் நோயை மறைப்பார்களேயன்றி அதை எதிர்த்து நிற்க மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னையில் நோய் கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தபோது, அந்தத் தகரத்தின் ஓசை கேட்டு அடுத்த தெருவில் காய்ச்சல் கண்டவர் பரிசோதனைக்குப் போகாமல் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்தார் என்பதை நான் அறிவேன். அவருக்கு நோயைப் பற்றிய பயத்தைவிட, நாலு பேர் நம் வாசலைச் சுட்டிக் காட்டுவார்களே என்ற பயமே பெரிதாக இருந்தது.

அந்த நாலு பேரும் நாம்தானே! மார்ச் மாதத்தில் வைத்தியர்களுக்காகக் கை தட்டிய ஊரில், ஏப்ரல் மாதத்தில் கொரோனாவுக்குப் பலியான ஒரு வைத்தியரின் சடலத்தைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்சின்மேல் கல்லெறிந்தது. அவரோடு பணிபுரிந்த மற்றொரு வைத்தியர் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் போட்ட பிறகே அந்த வெறி தணிந்தது. கிராமங்களில் கருவேல முள்ளை வெட்டி ஊர் எல்லையில் போட்டு வழியை அடைத்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின் ஊர் எல்லை தாண்டாமல் இருந்து பழகியவர்கள் அவர்கள். வழி அடைப்பதன் காரணத்தை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் காப்புக் கட்டிய ஊரில் ஊருக்கே கூழ் ஊற்றும் வழக்கமும் உண்டு. சென்னையிலிருந்து வேலை இழந்து வந்த பிள்ளையை முள்ளுக்கு அப்பால் நிறுத்திய ஊர்களுள், ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்து, வேளாவேளைக்குத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய் வைத்த ஊர்களும் இருந்தன. அந்த ஊர்களுக்கு முன் நான் தலைவணங்குகிறேன்.

இனி, வீட்டுக்குள் வருவோம். இரண்டு வாரத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் ஆகியவற்றை மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்த்து, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்துப் புழங்கினால், வசதியுள்ள எந்தக் குடும்பமும் கடைசி நாள் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை; அதனால் கடையில் மிஞ்சுவது அன்றாடங்காய்ச்சிக்குக் கிடைக்கும். இதைவிட முக்கியமானது மருந்து. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்கள் கடைசி அட்டை தீர்ந்த பின் கடைக்கு ஓடும் வழக்கத்தை விட்டு, ஒரு மாதத்துக்கு உள்ளதை எப்போதும் கையிருப்பாக வைத்திருப்பது அவசியம். மருந்துச் சீட்டின் நகல், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யும் எண், தண்ணீர் கேன்காரர் எண், வைத்தியர் எண் ஆகியவற்றைக் கைபேசிக்குள் மட்டும் வைக்காமல், நாள்காட்டிக்குப் பக்கத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். கைபேசிக்காரர் படுத்துவிட்டால் மற்றவர்க்கு அந்தக் காகிதமே கண்.

வீட்டில் ஒருவர் நோயுற்றால் அவரை எங்கே படுக்க வைப்பது என்று நல்ல நாளிலேயே யோசித்து வைக்க வேண்டும்: சன்னல் உள்ள அறை எது, அவருடைய தட்டும் டம்ளரும் எவை, அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் யார் என்று. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் தெருவுக்கு இரண்டு இருந்தாலும் போதும். பிராணவாயுவின் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அறையும் பொதுக் கழிப்பறையும் கொண்ட ஒண்டுக்குடித்தனங்களில் தனிமை என்ற சொல்லுக்கே இடமில்லை. அங்கே குடியிருந்தவர்களுக்காக நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் கல்லூரி விடுதிகளும் சிகிச்சை இடங்களாக மாறின. அவ்வாறான இடம் தம் வட்டாரத்தில் எது என்று அந்த வீட்டார் முன்கூட்டியே அறிந்திருந்தால், தகரத்துக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை.

ஆயத்தம் என்று பேசுகிற நாம் பெரும்பாலும் பண்டத்தைப் பற்றியே பேசுகிறோம்; அந்தப் பண்டத்தைச் சோறாக்கும் கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஊரடங்கில் ஆண்களுக்கு அலுவலகம் மூடியது, பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியது. வீட்டுப் பெண்களுக்கு அடுப்பு ஒருநாளும் மூடவில்லை. மூன்று வேளைச் சமையலுக்கு இடையே பலகாரமும், காப்பியும், கடையிலிருந்து வந்த பால் பாக்கெட் முதல் கீரை வரை கழுவுவதும், வேலைக்கு வரும் அம்மாள் வராததால் பாத்திரமும் துணியும் அவர்கள் தலையில் விழுந்தன. வேலைக்கு வராத அந்த அம்மாளுக்கு அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தோமா என்ற கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். அரசு குடும்ப அட்டைக்கு முதல் அலையில் ஆயிரம் ரூபாயும், இரண்டாவது அலையில் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும், பதினான்கு பொருள் கொண்ட மளிகைப் பையும் கொடுத்தது. அது பெரிய உதவிதான். ஆனால் மாதச் சம்பளம் அறுந்த வீட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சமையல் செய்கிறவர் எவரும் நிமிஷத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்.

இஸ்திரிக்காரர் கதையை முடிக்காமல் விட்டேன். அந்த 21 நாள் மே மாதம் வரை நீண்டபோது அவரைக் காத்தது எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டு. “காசு கெடக்கட்டும், மொதல்ல சாமான எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லி, கடை அடைக்கும் நாளிலும் பின்கதவு வழியாக அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஜூன் மாதத்தில் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது, அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் தெருவார் நாங்களும் ஒரு நோட்டுப் போட்டோம். தனியாக இருக்கும் முதியவர்கள் யார், அவர்கள் உண்ணும் மாத்திரை எது, கைக்குழந்தை உள்ள வீடு எது, தினக்கூலியில் வாழும் வீடு எது, யாரிடம் ஆக்சிமீட்டர் இருக்கிறது, இரவில் கார் எடுக்கக்கூடியவர் யார் என்று வீட்டுக்கு ஒரு பக்கம். தினக்கூலி வீடுகளின் முதல் வாரச் சாமானுக்கு மற்ற வீடுகள் பங்கு போட்டுக் கடையில் முன்பணம் கட்டி வைப்பது என்றும் அதில் எழுதிக்கொண்டோம். 2021 மே மாதத்தில் அறிவிப்பு வந்த அன்று மாலையில் இஸ்திரிக்காரரின் மனைவி கடைக்கு வந்தபோது, அவர் பெயர் எழுதிய பை கட்டித் தயாராக இருந்தது.

தெருவார் போட்ட அந்த நோட்டு இன்றும் அண்ணாச்சி கடையில் கல்லாவுக்கு மேலே, பத்தி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. சென்ற மாதம் அதை எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினோம். இரண்டு பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பரானவர். மூன்று வீடுகளில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அந்தப் பக்கங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன; வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டு எழுதுவதாக இருக்கிறோம்.